பசிக்கிற புழுவும் காணாமல் போன வலது சிறகும்

சின்ன வயதில் நூறு தடவைக்கு மேல் புரட்டிய ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை, போன மாதம், நாற்பத்து நான்கு வயதில், முதல்முறையாகப் பார்த்தேன். எரிக் கார்ல் எழுதிப் படம் போட்ட 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. ஒரு புழு கிழமைக்கு ஒரு வகைப் பழமாகத் தின்று கடைசியில் பட்டாம்பூச்சியாகிற குழந்தைகள் படப் புத்தகம், புழு தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு 'பசிக்கிற புழு' என்றுதான் பெயர். என் பையனுக்கு நாலு வயது, அவனுக்காக வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உண்மையில் எனக்காகத்தான் வாங்கினேன். வாங்கலாமா, எந்தப் பதிப்பு வாங்கலாம், எங்கே ஏமாறக்கூடாது என்பதெல்லாம் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் பழைய பிரதியைப் பற்றிச் சொன்னால்தான் புதியது எனக்கு என்ன செய்தது என்று புரியும்.

அப்பா அதை மயிலாப்பூர் லஸ் கார்னரில், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கினார். எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். பெரிய சைஸ், கெட்டி அட்டை, முதுகில் பசை விட்டுப்போய் நூல் தெரியும். திங்கள்கிழமைப் பக்கத்தில் ஆப்பிள் மேல் யாரோ ஒரு குழந்தை பேனாவால் கிறுக்கியிருந்தது. கடைசித் தாள் இல்லை. இந்தப் புத்தகம் தெரிந்தவர்களுக்குக் கடைசியில் என்ன இருக்கிறது என்று தெரியும்: இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு பட்டாம்பூச்சி. எங்கள் பிரதியில் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. அதாவது அரைப் பட்டாம்பூச்சி.

நான் அழுதேனா என்று நினைவில்லை, ஆனால் அம்மா என்ன செய்தாள் என்று நன்றாக நினைவிருக்கிறது. பழைய மாதக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, புத்தகத்தின் அளவுக்கு வெட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கம் மேலே வரும்படி, மைதாப் பசை காய்ச்சிக் கடைசியில் ஒட்டினாள். "இந்தப் பக்கத்துச் சிறகை நீ போடு" என்று கிரேயான் டப்பாவைக் கையில் கொடுத்தாள். போட்டேன். இடது சிறகைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி போட முயற்சி செய்து, பாதியில் என் இஷ்டத்துக்குப் போய்விட்டேன். நிறையப் பச்சை. நடுநடுவே சிவப்பில் பொட்டுகள், அம்மாவின் சாந்துப் பொட்டு மாதிரி. தாளின் மறுபக்கத்தில் முருகன் இருந்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் சிறகுக்குள்ளே வேல் மங்கலாகத் தெரியும். எனக்கு அந்தப் புத்தகத்தின் முடிவு அதுதான், வேறு முடிவு இருக்கும் என்றே ரொம்ப நாள் தோன்றவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்வாள். திங்கள்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய், அதுவரைக்கும் சரி. புதன்கிழமை மூன்று பிளம் பழம் வரும். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை, ஊதா நிறமாக உருண்டையாக இருந்ததால் அம்மா 'நாவல்பழம்' என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கும் கடையில் பிளம் பழத்தைப் பார்த்தால் நாக்கில் நாவல்பழத் துவர்ப்புதான் வருகிறது. வியாழக்கிழமை நாலு ஸ்ட்ராபெரி, அம்மா கணக்கில் 'சிவப்புப் பழம்'. வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமைதான் திண்டாட்டம். சாக்லேட் கேக், கோன் ஐஸ், லாலிபாப், தர்பூசணிக் கீற்று இதெல்லாம் சொல்லிவிடலாம். ஓட்டை ஓட்டையாக மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டு, அது சீஸ் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சிவப்பு வட்டமாக சலாமி இருக்கும், அம்மா அதை பீட்ரூட் துண்டு என்பாள். பச்சையாக நீளமாக ஒன்று இருக்கும், அது பாகற்காய்.

ஐந்தாம் வகுப்பில் நானே எழுத்துக்கூட்டிப் படித்தபோது அந்தப் பாகற்காய்க்கு 'பிக்கிள்' என்று எழுதியிருந்தது. பிக்கிள் என்றால் ஊறுகாய் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தை மேலும் கீழும் தேடினேன், ஜாடியைக் காணோம், எண்ணெயைக் காணோம், மாங்காயும் இல்லை. அங்கெல்லாம் வெள்ளரிப் பிஞ்சை முழுசாக வினிகரில் ஊறப்போடுவார்கள், அதுதான் அவர்கள் ஊறுகாய் என்று தெரிய எனக்கு இன்னும் பல வருடம் ஆயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டுத் தரைத்தளம் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. அதில் இந்தப் புத்தகமும் போயிற்று. அன்றைக்கு அதைவிட முக்கியமான காகிதங்கள் போயிருந்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சரி, இப்போது வாங்கின கதைக்கு வருகிறேன்.

முதலில் ஆன்லைனில் குறைந்த விலைக்கு ஒன்று கிடைத்தது, ஆர்டர் போட்டேன். விற்றவர் பெயர் வேண்டாம். பார்சலைப் பிரித்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, நிறமெல்லாம் வெயிலில் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. பையன் மடியில் உட்கார்ந்து திங்கள்கிழமைப் பக்கத்தைத் திறந்து, ஆப்பிள் நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினான். இன்னொரு தடவை அழுத்தினான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, விரல் போகல" என்றான். ஓட்டையே போடாமல், ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக அச்சடித்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அகலம் வேறு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் புத்தகத்தில் ஓட்டையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? திருப்பி அனுப்பிவிட்டு, கடைக்கே நேரில் போய், கையில் எடுத்து, விரலை விட்டுப் பார்த்து வாங்கினேன். பஃபின் வெளியிட்ட போர்டு புக், கைக்கு அடக்கமான அளவு, பக்கமெல்லாம் கெட்டி அட்டை, நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. நீங்களும் வாங்குவதாக இருந்தால் இரண்டே விஷயம் பாருங்கள்: பழத்தில் நிஜமாகவே துளை இருக்கிறதா, திங்களிலிருந்து வெள்ளிவரை பக்கங்கள் படிப்படியாக அகலமாகிக்கொண்டே போகிறதா. இரண்டும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கம் அகலமாவதைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆப்பிளுக்கு ஒரு குறுகலான கீற்று மாதிரிப் பக்கம், இரண்டு பேரிக்காய்க்கு அதைவிடக் கொஞ்சம் அகலம், இப்படியே ஐந்து ஆரஞ்சு வரும்போது முழுப் பக்கம். மூடாமல் வைத்துப் பார்த்தால் எல்லாப் பழமும் மாடிப்படி மாதிரி ஒன்றன் பின்னால் ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு பழத்தில் நுழைந்த துளை அப்படியே பின்பக்கம் வெளியே வரும், அங்கே புழு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பையன் சுண்டு விரலைத் துளைக்குள் விட்டு, "நான்தான் புழு" என்கிறான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன், எங்கள் பழைய பிரதியில் துளைகளின் ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகப் போயிருந்ததற்கு என் விரல்தான் காரணம், எனக்கு முன்னால் அந்தப் பேனாக் கிறுக்கல் குழந்தையின் விரலும். போர்டு புக்கில் அந்தக் கவலை இல்லை, தாங்கும். ஆனால் வீட்டில் பெரிய குழந்தை இருந்தால், கொஞ்சம் காசு கூடப் போனாலும் பெரிய சைஸ் கெட்டி அட்டைப் பதிப்பையே வாங்குங்கள். அந்த வெள்ளை வெளியும், அதில் தனியாக நிற்கும் புழுவும் பெரிய பக்கத்தில்தான் அதன் அளவுக்கு நிற்கிறது. சின்ன அளவில் சனிக்கிழமைப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது, இதுதான் போர்டு புக்கில் எனக்குக் குறை.

படத்தை இப்போது பார்க்கும்போது சின்ன வயதில் தெரியாத ஒன்று தெரிகிறது. அன்றைக்கு அது புழு, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தப் பச்சைக்குள்ளே எத்தனை பச்சை என்று பார்க்கிறேன். கார்ல் இதை வரையவில்லை, வெட்டி ஒட்டினார். மெல்லிய டிஷ்யூ தாளில் அவரே வண்ணம் பூசி, காய வைத்து, வேண்டிய வடிவத்தில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவார். அதனால்தான் புழுவின் உடம்பில் ஒரு கணு போல இன்னொரு கணு இல்லை, ஒன்றில் பிரஷ் இழுத்த கோடு, ஒன்றில் மஞ்சள் கலந்த திட்டு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தச் சிவப்புத் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்து நிலாவுக்கு முகம் இருக்கிறது, இலை மேல் அந்தச் சின்ன வெள்ளை முட்டை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை வரும் சூரியனுக்கும் முகம் இருக்கிறது. வேறு எங்கேயும் பின்னணி என்று ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள்தான். அந்த வெள்ளையில் நிறங்கள் அப்படியே கண்ணில் அடிக்கின்றன.

அவருக்கு நிறத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று தேடிப் படித்தேன். 1929-ல் நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அம்மா ஜெர்மன்காரர்கள். பையனுக்கு ஆறு வயதாகும்போது ஊர் ஏக்கத்தில் ஷ்டுட்கார்ட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள், போன நேரம் ஹிட்லர் காலம். அப்பாவைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், சோவியத் நாட்டில் போர்க் கைதியாக இருந்து 1947 கடைசியில்தான் எலும்பும் தோலுமாக வீடு வந்தார். போர்க்காலத்தில் ஊரில் கட்டடமெல்லாம் குண்டுவீச்சுக்குப் பயந்து மங்கலான நிறத்தில் இருந்ததாம், ஒரே சாம்பலும் பழுப்பும். பள்ளியில் ஒரு ஓவிய ஆசிரியர், ஃப்ரிட்ஸ் கிரௌஸ் என்று பெயர், பையனைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, நாஜிகள் ஒதுக்கி வைத்திருந்த ஓவியர்களின் படங்களை ரகசியமாகக் காட்டியிருக்கிறார். மாட்டிக்கொண்டால் அவர் கதி அதோகதி. அந்தப் பையன் 1952-ல் கையில் 40 டாலரோடு நியூயார்க் திரும்பி, 1969-ல் இந்தப் புத்தகத்தைப் போட்டார். அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால், சின்னப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்து, கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, அடியில் இருக்கும் பூச்சி புழுவையெல்லாம் காட்டிவிட்டு, அதை மறுபடி அதன் இடத்திலேயே பத்திரமாக விட்டுவிடுவாராம்.

இந்தப் புத்தகம் பிறந்தது ஒரு பஞ்சிங் மெஷினால். தாள்கட்டில் விளையாட்டாகத் துளை போட்டுக்கொண்டிருந்தவருக்கு, புத்தகத்தைத் துளைக்கும் புழு ஒன்று ஞாபகம் வந்திருக்கிறது. முதலில் 'வில்லி' என்று ஒரு புத்தகப் புழுவைத்தான் எழுதினார். பதிப்பாசிரியர் ஆன் பெனிடியூஸ், புத்தகப் புழு வேண்டாம், கம்பளிப்பூச்சியாக மாற்றலாமே என்று சொல்ல, கார்ல் உடனே "பட்டாம்பூச்சி!" என்றாராம். அந்த ஒரு சொல்லில் கதையின் முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் துளையும் வெவ்வேறு அகலப் பக்கமும் வைத்து அச்சடிக்க அமெரிக்காவில் கட்டுப்படியாகவில்லை, பெனிடியூஸ் ஜப்பானில் ஒரு அச்சகத்தைப் பிடித்தார். இப்போது 60-க்கும் மேற்பட்ட மொழிகளில், 5 கோடிக்கு மேல் பிரதி விற்றிருக்கிறது. அவ்வளவு பிரதிக்கும் யாரோ துளை போட்டிருக்கிறார்கள். அந்தப் போலிப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை இல்லாமல் இல்லை. பையனுக்குப் படித்துக் காட்டிய அதே வாரம் எங்கள் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு புழு வந்தது. முதலில் பறவை எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன், அது நகர்ந்தது. நாலைந்து நாளில் பச்சையாகி விரல் பருமன் ஆகிவிட்டது. தொட்டால் தலைக்கு மேல் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நாற்றமும் வரும். பையன் ஒரு ஆப்பிள் துண்டைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஜாதிப் பட்டாம்பூச்சியின் புழுவுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை வகை இலைதான் சாப்பாடு. அதனால் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை பத்து அயிட்டம் தின்று வயிற்று வலியில் கிடந்த புழு, ஒரே ஒரு நல்ல பச்சை இலையைத் தின்றதும் தேவலை ஆகிவிடும். பையன் அந்தப் பக்கத்தில் கையை வைத்து, "இது கறிவேப்பிலை" என்று முடிவு செய்துவிட்டான்.

இன்னொரு குறையும் உண்டு. புத்தகத்தில் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, பிறகு அதைக் கடித்துத் துளை போட்டு வெளியே வரும். அப்படி நூல் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள்தான், நம் பட்டுப்புழு மாதிரி. எங்கள் தொட்டிப் புழு கூடெல்லாம் கட்டவில்லை. கரண்ட் கம்பத்தில் ஏறும் லைன்மேன் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்வது போல ஒரு நூலை இடுப்பில் கட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டது, மறுநாள் பார்த்தால் தோலை உரித்துவிட்டு மடித்த இலை மாதிரி தொங்கியது. பட்டாம்பூச்சிக்குக் கடிக்கிற வாயும் கிடையாது, அந்த ஓடு தானாக வெடித்துத்தான் திறக்கும். இதைப் பலரும் கார்லிடம் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பா தன்னைப் பார்த்து 'கூட்டை விட்டு வெளியே வா' என்று சொல்வார், அதனால் தனக்கு அது கூடுதான் என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனாலும் பையனுக்கு இரண்டையும் சொல்லிவிடுகிறேன், புத்தகத்தில் இப்படி, நம் தொட்டியில் இப்படி என்று. நீங்களும் முடிந்தால் ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள், மருந்து அடிக்காமல். இந்தப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வீடுகளில் இதை ஆங்கிலத்தில் அப்படியே வாசிக்க வேண்டும் என்று இல்லை. எழுத்து ரொம்பக் குறைவு, கிழமையும் எண்ணும் பழமும்தான். 'ஆனாலும் அதற்குப் பசி அடங்கவில்லை' என்று திங்களிலிருந்து வெள்ளிவரை ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும், அதைப் பையனே சத்தமாகச் சொல்கிறான், நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். நாவல்பழத்தை மட்டும் நான் மாற்றவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கும்போது வேண்டுமென்றே அதைத் திறந்து பார்க்கவில்லை, துளையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அம்மா மதியத் தூக்கம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பையனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தோம். கூட்டுப் பக்கம் வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். இடது சிறகு எனக்குத் தெரிந்த சிறகு, நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு திட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வலது பக்கம் இன்னொரு சிறகு இருந்தது. நீலம், ஆரஞ்சு, ஊதா எல்லாம் வழவழவென்று வெட்டி ஒட்டி, அச்சு அசல் பட்டாம்பூச்சியாக, முழுசாக. அழகாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கையில் வாங்கி, கிட்டத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வலது பக்கத்தை விரலால் தடவி, "இதுல பொட்டு இல்லையே" என்றாள். பையன் எழுந்து போய் கிரேயான் டப்பாவைக் கொண்டு வந்தான்.